கிரயமா, குத்தகையா?

எங்கள் தெருவில் என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. "பென்ஷன் வாங்குகிற மனுஷர், ராத்திரி பத்து மணிக்கு மேல் கம்ப்யூட்டரில் பிசாசு வெட்டிக்கொண்டிருக்கிறார்" என்று. உண்மைதான். மற்றவர்கள் சீரியல் பார்க்கிறார்கள், நான் பிசாசு வெட்டுகிறேன். எது உடம்புக்கு நல்லது என்று டாக்டரைக் கேட்டால் இரண்டும் வேண்டாம் என்பார்.

போன ஞாயிற்றுக்கிழமை பேரன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பன்னிரண்டு வயது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டான்: "தாத்தா, நீ போனப்புறம் உன் கேம் எல்லாம் எனக்குத்தானே?"

மருமகள் அடுப்பங்கரையிலிருந்து ஓடிவந்து அவன் வாயைப் பொத்தினாள். எனக்குக் கோபம் வரவில்லை. பத்திரப் பதிவுத் துறையில் 36 வருடம் குமாஸ்தாவாகக் குப்பை கொட்டியவன் நான். அப்பா கட்டிலில் கிடக்கும்போதே வாசலில் நின்று பாகம் பிரித்தவர்களை எத்தனையோ பார்த்தாயிற்று. இவன் கேட்டது நியாயமான கேள்வி.

ஆனால் அதற்குப் பதில் சொல்லப் போனபோதுதான் சிக்கல். டயாப்லோ 2: தரலாம். டயாப்லோ 3: தர முடியாது. இரண்டும் காசு கொடுத்து வாங்கியவை. அப்படியானால் இரண்டாவதாக நான் வாங்கியது என்ன? இதை எழுதுவது அதற்காகத்தான்.

விளையாட்டு தெரியாத நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. டயாப்லோ என்பது அமெரிக்காவின் பிளிஸ்ஸார்ட் கம்பெனி வெளியிட்ட விளையாட்டு. இரண்டாம் பாகம் 2000 ஜூன் 29-இல் வந்தது. ஐந்து வீரர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, பாழடைந்த மடம், பாலைவனம், காடு, கடைசியில் நரகம் என்று இறங்கிக்கொண்டே போக வேண்டும். அரக்கர்களை வெட்டினால் வாளும் கவசமும் மோதிரமும் கீழே விழும். ஒவ்வொரு படி ஏறும்போதும் ஒரு புள்ளி கிடைக்கும். அதை எந்த வித்தையில் போடுகிறோமோ அதுதான் நம் ஆள். தப்பாகப் போட்டால் அனுபவிக்க வேண்டியதுதான். அரசாங்க உத்தியோகம் மாதிரி.

டெக்கார்ட் கெய்ன் என்று ஒரு கிழவர் அதில் வருவார். அவரைக் காப்பாற்றி அழைத்து வந்துவிட்டால், அடையாளம் தெரியாத பொருள் எதைக் கொண்டுபோனாலும் இன்னது என்று இனாமாகச் சொல்லிவிடுவார். ஒரு ஆவணத்தைப் பார்த்து இன்னது என்று இனாமாகச் சொல்லும் ஆளை வேறெங்கும் நான் கண்டதில்லை. அதனாலேயே அவர் மேல் எனக்கு ஒரு பிரியம்.

அந்த 2000-இல் என் மகன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ஆலையில் சேர்ந்திருந்தான். முதல் போனஸில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வந்தான். கூடவே ரிச்சி தெருவிலிருந்து டயாப்லோ 2. ஒரிஜினலா என்று கேட்பீர்கள். இல்லை, நகல்தான். மறைத்து என்ன ஆகப் போகிறது? பகல் ஷிப்டு முடிந்து வந்து அவன் ஆடுவான். அவன் இரவு ஷிப்டு போனால் நான் ஆடுவேன். மூன்று வருடம் கழித்து எனக்கு அரியர்ஸ் வந்தபோது மனசாட்சி உறுத்தி ஒரிஜினலை வாங்கினேன். மூன்று சிடி. இன்றும் பீரோவில், வீட்டுப் பத்திரத்தோடு இருக்கின்றன.

மூன்றாம் பாகம் எப்போது வரும் என்று உலகம் முழுக்கக் காத்திருந்தார்கள். 2008 ஜூன் 28-இல்தான் அறிவித்தார்கள், அதுவும் பாரிஸில். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பாரிஸ் என்றால் ஐம்பது வருடம் கழித்தும் காது தானாக நிமிரும். அறிவித்த பிறகும் நாலு வருடம். 2012 மே 15-இல் வந்து சேர்ந்தது. ஆக மொத்தம் 12 வருடக் காத்திருப்பு. அதற்குள் நான் ரிட்டயர் ஆகிவிட்டேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஆடுவதற்கு அது அருமையான விளையாட்டு. பார்பேரியன் சம்மட்டியால் அடித்தால் அந்த அடி நம் கையில் தெரியும். துறவி ஒருவர் வெறுங்கையால் சண்டை போடுவார், அவரைத்தான் நான் எடுத்துக்கொண்டேன். நாலு நாள் சோறு தண்ணீர் மறந்தேன் என்று வீட்டில் இன்னும் சொல்லிக்காட்டுகிறார்கள்.

குறை இல்லாமல் இல்லை. புள்ளி போட்டு ஆளை வளர்க்கும் முறையை எடுத்துவிட்டார்கள். எந்த வித்தையையும் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். தப்புச் செய்ய வழியே இல்லாத இடத்தில் சரியாகச் செய்ததற்கு என்ன பெருமை? கெய்ன் கிழவரை முதல் அங்கத்திலேயே கொன்றுவிட்டார்கள். அதுவும் பட்டாம்பூச்சிக் கூட்டத்தோடு வரும் ஒரு சூனியக்காரியால். 12 வருடம் காத்திருந்து பார்க்க வந்த என் வயதுக்காரருக்கு இதுதானா மரியாதை என்று அன்று ராத்திரி சாப்பிடப் பிடிக்கவில்லை. இதெல்லாம் ரசிகனின் குறைகள். படம் பிடிக்கவில்லை என்று சொல்வது மாதிரி. அதற்காகச் சண்டைக்கு நிற்க மாட்டேன்.

சண்டைக்கு நிற்பது வேறொன்றுக்கு. தனியாக ஆடினாலும், பக்கத்தில் ஒரு ஆள் இல்லாவிட்டாலும், கம்ப்யூட்டரில் டயாப்லோ 3 ஆட இணையம் இருந்தே தீர வேண்டும். நம் வீரனும் அவன் சேர்த்த சொத்தும் நம் வீட்டில் இல்லை. கம்பெனியின் சர்வரில் இருக்கின்றன. அங்கே கதவு திறந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

முதல் நாளே இது சந்தி சிரித்தது. 24 மணி நேரத்தில் 35 லட்சம் பிரதி விற்றதாகக் கம்பெனி சொன்னது. வாங்கியவர்களில் ஏராளமானவர்களுக்குத் திரையில் தெரிந்தது 'பிழை 37' என்ற அறிவிப்புதான். சர்வர் கூட்டம் தாங்கவில்லை. தனியாக ஆட நினைத்தவனும் அந்தக் கூட்டத்தில்தான் நிற்க வேண்டும். தென்கொரியாவில் வர்த்தக ஆணையம் விசாரணைக்கு இறங்கியது. 40-ஆம் படிக்குக் கீழே இருந்தவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரக் கம்பெனி அங்கே முன்வந்தது. பிரான்ஸில் உஎஃப்சே கெ ஷ்வாஸீர் என்ற பழைய நுகர்வோர் சங்கம் இருக்கிறது. புதுச்சேரியில் பிரெஞ்சுப் பட்டாள பென்ஷன் வாங்கிய என் சித்தப்பா வீட்டுத் திண்ணையில் அவர்கள் பத்திரிகை கிடக்கும், துணி துவைக்கும் மெஷின் வாங்குவதற்குக்கூட அதைப் புரட்டிப் பார்ப்பார். அந்தச் சங்கத்துக்குச் சில நாட்களிலேயே ஆயிரத்துக்கும் மேற்பட்ட புகார்கள் வந்தன. பிளிஸ்ஸார்ட் உடனே வழி சொல்ல வேண்டும் என்று சங்கம் கேட்டது.

எனக்குத் தனிப்பட்ட சேதாரம் ஒன்றும் இல்லை. முதல் வாரக் கூச்சலெல்லாம் அடங்கிய பிறகு ஜூலையில்தான் மகன் வாங்கிக் கொடுத்தான். ஆனால் 2012 தமிழ்நாட்டில் என்ன வருடம் என்று உங்களுக்கு நினைவிருக்கும். மின்வெட்டு வருடம். சென்னைக்குள் தினமும் 2 மணி நேரம். சென்னையைத் தாண்டினால் கணக்கே கிடையாது. வட சென்னை அனல் மின் நிலையம் இருப்பது எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில், வல்லூர் மின் நிலையமும் இங்கேதான். புகையும் சாம்பலும் எங்களுக்கு, வெளிச்சம் யாருக்கோ. விளக்கின் அடியில்தானே இருட்டு.

அந்த இருட்டில் மகனின் லேப்டாப்பில் இரண்டு மணி நேரம் பாட்டரி நிற்கும். டயாப்லோ 2-ஐ அதில் ஆடலாம். கொசுவை விரட்டிக்கொண்டே நரகம் வரை போய்வந்திருக்கிறேன். டயாப்லோ 3-ஐ ஆட முடியாது. லேப்டாப்புக்கு உயிர் இருந்தாலும் மோடத்துக்கு இல்லை. எப்போதும் இணையம் இருக்கும் என்று கலிஃபோர்னியாவில் உட்கார்ந்து முடிவு செய்தவர்கள் கும்மிடிப்பூண்டியை நினைத்திருக்க மாட்டார்கள். அதில் வருத்தமில்லை. ஆனால் கும்மிடிப்பூண்டிக்காரனிடமும் அதே காசுதானே வாங்கினார்கள்?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் உத்தியோகத்தில் நான் கற்றது ஒன்றே ஒன்று. காகிதத்துக்கு மேலே என்ன தலைப்பு இருக்கிறது என்று பார்க்காதே, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்.

கிரயப் பத்திரத்தில் பழைய எழுத்தர்கள் ஒரு வாசகம் எழுதுவார்கள். வாங்கியவர் 'புத்திர பௌத்திர பாரம்பரியமாய், சர்வ சுதந்திர பாத்தியத்துடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள' வேண்டியது. பிற்பாடு வில்லங்கம் ஏதும் வந்தால் விற்றவரே முன்னின்று தீர்த்துத் தர வேண்டியது. நான் படித்த பிரெஞ்சுக்காரர்களின் 1804 சிவில் சட்டமும் இதையேதான் சொல்கிறது. விற்பவனுக்கு முக்கியமான கடமை இரண்டு. பொருளை ஒப்படைப்பது, ஒப்படைத்த பொருளுக்கு உத்தரவாதம் கொடுப்பது. தேசம் வேறு, பாஷை வேறு, நியாயம் ஒன்று.

குத்தகை வேறு. அதில் காலம் இருக்கும், தொகை இருக்கும், காலம் முடிந்தால் திருப்பித் தர வேண்டும். அது கேவலமான ஒப்பந்தம் அல்ல. எங்கள் சிப்காட்டையே பாருங்கள். கோடிக்கணக்கில் முதல் போட்டு இரும்பு உருக்கு ஆலை நடத்துகிறவர்களுக்கும் நிலம் 99 வருடக் குத்தகைதான். ஒருவரும் ஏமாந்ததாகச் சொல்வதில்லை. ஏன்? காகிதத்தில் 'குத்தகை' என்று எழுதியிருக்கிறது, '99 வருடம்' என்று எழுதியிருக்கிறது. பெயரும் சரி, காலமும் சரி.

டயாப்லோ 3 பெட்டியைக் கடையில் 'விற்றார்கள்'. உள்ளே ஒப்பந்தத்தைப் படித்தால் அது உரிமம். கணக்கை இன்னொருவருக்கு மாற்றக் கூடாது. சேவை எத்தனை வருடம் என்று சொல்லவே இல்லை. கிரயத்தின் விலை, குத்தகையின் உரிமை, அதிலும் காலம் எழுதாத குத்தகை. இப்படி ஒரு பத்திரத்தை யாராவது எங்கள் மேஜைக்குக் கொண்டுவந்திருந்தால், 'ஐயா, முதலில் இது என்னவென்று முடிவு செய்துகொண்டு வாருங்கள்' என்று திருப்பி அனுப்பியிருப்போம்.

கம்பெனி தரப்பில் வாதம் மூன்று உண்டு. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஒன்று, திருட்டு. நகல் எடுத்துவிடுகிறார்கள், அதனால் பூட்டு வேண்டும் என்பது. திருடியவன் என்ற முறையில் இதற்குப் பதில் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது. நகலில் ஆடியவன்தான் பிறகு ஒரிஜினல் வாங்கினேன், விளையாட்டு நன்றாக இருந்ததால் வாங்கினேன். சரி, அது என் கதை, எல்லோரும் அப்படி இல்லை என்றே வைத்துக்கொள்வோம். திருடனைத் தடுக்க வீட்டுக்குப் பூட்டுப் போடுங்கள், தப்பில்லை. ஆனால் வீட்டை வாங்கியவனிடம் சாவியைக் கொடுக்காமல், வரும்போதெல்லாம் வாட்ச்மேனைக் கூப்பிடு, அவன் இருந்தால் திறப்பான் என்பது எந்த ஊர் வழக்கம்?

இரண்டு, பித்தலாட்டம். டயாப்லோ 2-இல் அபூர்வமான பொருட்களைச் சிலர் கள்ளத்தனமாக நகலெடுத்துப் பரப்பினார்கள், மறுக்கவில்லை. மூன்றாம் பாகத்திலோ நிஜப் பணத்துக்குப் பொருளை விற்கும் ஏலக்கடையையே விளையாட்டுக்குள் வைத்தார்கள். ஒரு வாள் விற்றால் கம்பெனிக்கு 1 டாலர் கமிஷன். காசு புழங்கும் இடமாயிற்றே, அதனால் எல்லாம் சர்வரில்தான் இருக்க வேண்டும் என்றார்கள். நல்லது. அந்த ஏலக்கடை விளையாட்டையே கெடுக்கிறது என்று அவர்களே ஒப்புக்கொண்டு 2014 மார்ச் 18-இல் மூடிவிட்டார்கள். கடையை இடித்தாயிற்று. கடைக்காகப் போட்ட பூட்டு மட்டும் இன்றுவரை வாசலில் தொங்குகிறது. இன்னும் கேளுங்கள். 2013 செப்டம்பரில் அதே விளையாட்டு ப்ளேஸ்டேஷன் 3-க்கும் எக்ஸ்பாக்ஸ் 360-க்கும் வந்தது. அவற்றில் இணையமே இல்லாமல் ஆடலாம்! உலகம் ஒன்றும் அழிந்துவிடவில்லை. அப்படியென்றால் 'முடியாது' என்று சொன்னது உண்மையில் 'மாட்டோம்' என்பதுதான்.

மூன்று, பெட்டியிலேயே எழுதியிருந்ததே என்பது. ஆமாம், இணையம் தேவை என்று எழுதியிருந்தது. அது எத்தனை வருடத்துக்குக் கிடைக்கும் என்று எழுதவில்லை. கிணற்றை விற்றுவிட்டு, 'தண்ணீர் எடுக்க என் கயிறு வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறேனே' என்பவனை நம் ஊர்ப் பஞ்சாயத்தில் என்ன செய்வார்கள்?

'இதெல்லாம் நடக்கிற காரியமா, நல்ல கம்பெனி மூடுமா' என்று கேட்பவர்களுக்கு ஒரு உதாரணம். பிரான்ஸைச் சேர்ந்த யூபிசாஃப்ட் கம்பெனி 2014-இல் 'தி க்ரூ' என்ற கார் பந்தய விளையாட்டை வெளியிட்டது. அதற்கும் எப்போதும் இணையம் வேண்டும். 2024 மார்ச் 31-இல் சர்வரை நிறுத்தினார்கள். காசு கொடுத்து வாங்கியவர்கள் வீட்டில் இருந்த டிஸ்க், மறுநாள் டம்ளருக்கு அடியில் வைக்கத்தான் உதவும். அங்கிருந்துதான் ஐரோப்பாவில் 'விளையாட்டுகளைக் கொல்லாதீர்கள்' என்ற இயக்கம் கிளம்பி, 2025 ஜூலையில் 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. எல்லோரும் கூச்சல் போட்ட பிறகு, அதே கம்பெனி அதே வரிசையின் அடுத்த விளையாட்டுக்கு இணையமில்லாமல் ஆடும் வசதி தருவதாக அறிவித்தது. மறுபடியும் பாருங்கள், முடியாத காரியமே இல்லை.

கலிஃபோர்னியாவில் ஒரு சட்டம் போட்டு, 2025 ஜனவரி முதல், நீ வாங்குவது பொருள் அல்ல, உரிமம்தான் என்று விற்பவன் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். நம் நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று தனியாக வரையறை இருக்கிறது. தக்க காரணம் இல்லாமல் ஒரு தரப்பு மட்டும் இஷ்டப்படி முடித்துக்கொள்ளும் ஒப்பந்தமும் அந்தப் பட்டியலில் வருகிறது. விளையாட்டுதானே என்று நாம்தான் கேட்பதில்லை. இன்றைக்கு விளையாட்டு. புத்தகத்தையும் பாட்டையும் படத்தையும் இப்படித்தான் 'வாங்கிக்கொண்டிருக்கிறோம்'.

2023-இல் டயாப்லோ 4 வந்தது. இந்த முறை ப்ளேஸ்டேஷனிலும் இணையம் இல்லாமல் ஆட முடியாது. நாம் பேசாமல் இருந்ததன் பலன்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. குத்தகை என்றால் குத்தகை என்று எழுதுங்கள், எத்தனை வருடம் என்று எழுதுங்கள், குத்தகைக்கு உண்டான விலையை வாங்குங்கள். பிரெஞ்சில் 'வாந்த்' என்றால் விற்பனை, 'லொக்காசியோன்' என்றால் வாடகை. பள்ளிக்கூடத்தில் ஒன்றுக்குப் பதில் மற்றதை எழுதினால் வாத்தியார் முட்டி போட வைப்பார். கிரயம் என்றால் தனியாக ஆடுபவன் தன் வீட்டில் தன் போக்கில் ஆடும்படி சாவியைக் கையில் கொடுங்கள். சர்வரை மூடும் நாளில் அந்தச் சாவியைக் கொடுத்துவிட்டு மூடினாலும் போதும்.

பேரனிடம் வருகிறேன். அன்று சாயங்காலம் பழைய கம்ப்யூட்டரைத் துடைத்துப் போட்டேன். டயாப்லோ 2 திறந்தது. என் ஆளுக்கு 'டுப்ளே' என்று பெயர் வைத்திருந்தேன், புதுச்சேரிப் பாசம். 81-ஆம் படியில் இருபது வருடத்துக்கு முன் விட்ட இடத்தில் அப்படியே நின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் என் மகனின் அமேசான் பெண், அவன் கல்யாணத்துக்கு முந்தைய மாதம் ஆடியது. மகனையும் கூப்பிட்டுக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் பார்த்தான். "இன்னும் இருக்காப்பா?" என்றான். ஒவ்வொன்றும் சில கிலோபைட் கோப்பு. பென் டிரைவில் எடுத்து, மூன்று சிடியோடு பேரன் கையில் கொடுத்துவிட்டேன்.

"அப்போ அந்தத் துறவி, தாத்தா?"

"அவர் நம்ம வீட்டில் இல்லைடா."

யோசித்துவிட்டுச் சொன்னான்: "பாஸ்வேர்டை எழுதி வெச்சிட்டுப் போயிடு. நீதான்னு சொல்லிட்டு நான் ஆடிக்கறேன்."

சின்னப் பையன், வழி கண்டுபிடித்துவிட்டான். ஆனால் செத்தவன் பெயரில் உயிரோடிருப்பவன் கையெழுத்துப் போடுவதற்கு எங்கள் ஆபீஸில் ஒரே பெயர்தான் உண்டு, ஆள்மாறாட்டம். காசு கொடுத்து வாங்கிய பொருளைத் தாத்தாவிடமிருந்து பெற்றுக்கொள்ள ஒரு பன்னிரண்டு வயதுப் பையன் அதைத்தான் செய்ய வேண்டியிருக்கிறது. புத்திர பௌத்திர பாரம்பரியமாய் என்று எழுதிக் கொடுக்க முடியாதவர்கள் 'விற்பனை' என்ற வார்த்தையைத் தொடக் கூடாது.